தொழில் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்: புதன்கிழமைக் கணக்கு

தொழில் செய்யும் துணிச்சல் பிறவியிலேயே அமைய வேண்டும் என்று எண்ணிப் பலர் தயங்கி நின்றுவிடுகிறார்கள். அதுவே முதல் தவறு. சுவீடனில் தத்துப் பிள்ளைகளை வைத்து நடத்தப்பட்ட ஆய்வில், பெற்றவர்கள் தொழில் செய்தவர்களா என்பதைவிட வளர்த்தவர்கள் தொழில் செய்தவர்களா என்பதே பிள்ளைகள் தொழிலில் இறங்குவதைக் கூடுதலாகத் தீர்மானித்தது. கல்லாப்பெட்டியின் அருகே அமர்ந்து வீட்டுப்பாடம் எழுதும் பிள்ளை, கடன் கேட்டு வருபவரிடம் அப்பா எப்படிப் பேசுகிறார், தேங்கிய சரக்கின் விலையை எப்போது குறைக்கிறார் என்பவற்றை யாரும் சொல்லித் தராமலே கற்றுக்கொள்கிறது. அந்த வாய்ப்பு அமையாதவர்கள் அதே பாடத்தைச் சம்பளத்துக்கு வேலை பார்த்தும் கற்கலாம்.

நாற்பதைக் கடந்தவர்கள் வயதைக் காரணம் காட்டி ஒதுங்குவதும் தவறு. அமெரிக்க நிறுவனங்களைப் பற்றி 2020-இல் வெளியான ஆய்வின்படி, ஆயிரத்தில் ஒன்றாக மிக வேகமாக வளர்ந்த நிறுவனங்களைத் தொடங்கியவர்களின் சராசரி வயது 45. அதே துறையில் முன்பு வேலை பார்த்தவர்களுக்கு வெற்றி வாய்ப்பும் கூடுதலாக இருந்தது.

துறையறிவு இல்லாமல் இறங்குவதுதான், என் பார்வையில், எல்லாவற்றிலும் பெரிய தவறு. கணினித் துறையில் இருந்த என் உறவினர் ஒருவர், வேலையை விட்டுவிட்டுச் சிங்கப்பூரின் தேக்கா அருகே பூக்கடை எடுத்தார். தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பு திறந்ததால் வியாபாரம் அமோகமாக நடந்தது; அந்த விற்பனையை வைத்தே ஆண்டு முழுவதற்கும் கணக்குப் போட்டு வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். பண்டிகை முடிந்ததும், மாலையில் விற்காத மல்லிகைச் சரங்கள் மறுநாள் காலையில் பழுப்பேறிக் கிடந்தன. பக்கத்துக் கடையில் சரம் கட்டும் அக்கா அவரிடம், "தம்பி, வெள்ளிக்கிழமை வியாபாரம் தானா வரும். புதன்கிழமைக்கு எவ்வளவு போகுதுன்னு முதல்ல பாருங்க" என்றார்.

சிங்கப்பூரில் தனி உரிமையாளராகப் பதிவு செய்பவர், தொழிலின் கடனுக்குத் தம் சொந்தச் சொத்தைக் கொண்டும் பொறுப்பேற்க வேண்டும் என்பதையும் பலர் கவனிப்பதில்லை. தனியார் நிறுவனமாகப் பதிவு செய்தவரும், வங்கிக் கடனுக்குச் சொந்த உத்தரவாதம் எழுதிக் கொடுத்தால் அதே நிலைக்கு வந்துவிடுகிறார். 1819-இல் இங்கு வந்து செங்கல் சூளை அமைத்த நாராயண பிள்ளையின் துணிக்கடை 1822-இல் தீக்கிரையானபோது, கடனில் மூழ்கிய அவர், நவீன சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸின் உதவியால் மீண்டெழுந்தார். அத்தகைய கை எல்லோருக்கும் நீளாது.

வேலையில் இருந்துகொண்டே தொழிலைத் தொடங்கிப் பிறகு முழுநேரமாக மாறுபவர்களின் தொழில் நீடிக்கும் வாய்ப்பு கூடுதல் என்றும் ஆய்வுகள் காட்டுகின்றன. வேலை ஒப்பந்தம் அதற்கு இடம் தருகிறதா என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். என் உறவினர் அந்தக் கடையை ஒப்படைத்துவிட்டு மீண்டும் வேலைக்குச் சேர்ந்தார். ஓராண்டு காலம், விடுமுறை நாள்களில் அந்த அக்காவின் கடையில் நின்று சரக்கு எடுக்கக் கற்றுக்கொண்டார். இப்போது அவர் வைத்திருப்பது முன்பைவிடச் சிறிய கடை. புதன்கிழமைகளில் வழக்கத்தில் பாதிச் சரக்குதான் எடுக்கிறார்.