வீட்டில் ஜிம் அமைப்பதா, சந்தா கட்டுவதா?

உடற்பயிற்சியைத் தொடங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் விலையைத்தான் விசாரிக்கிறார்கள்: ஜிம்மில் ஆண்டுச் சந்தா எவ்வளவு, டிரெட்மில் எவ்வளவு என்று. இரண்டு தொகைகளில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பார்ப்பதால் விடை கிடைக்காது. பயிற்சி செய்யும் நாட்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு 12,000 ரூபாய் கட்டி 150 நாள் சென்றவருக்கு ஒரு நாளைக்கு 80 ரூபாய் ஆகிறது. 30 நாளோடு நின்றுவிட்டவருக்கோ 400 ரூபாய் ஆகிறது. 24,000 ரூபாய்க்குக் கருவி வாங்கி வாரம் மூன்று நாள் வீதம் நான்கு ஆண்டுகள் பயன்படுத்துகிறவருக்கு நாளொன்றுக்கு 40 ரூபாய்கூட ஆகாது. ஆனால் அந்த நான்கு ஆண்டுகள் நடக்குமா என்பதே கேள்வி.

தம் வருகையை முன்கூட்டியே கணிப்பதில் மனிதர்கள் எவ்வளவு தவறுகிறார்கள் என்பதை ஸ்டெஃபனோ டெல்லாவிக்னா, உல்ரிக்கே மால்மெண்டியர் என்ற இரு பொருளியலாளர்கள் அமெரிக்க ஜிம்களின் வருகைப் பதிவுகளைக் கொண்டு ஆராய்ந்து 2006-இல் வெளியிட்டார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் சந்தா கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 முறைதான் சென்றிருந்தார்கள். அதாவது ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் செலவாகியிருந்தது. பத்து முறைக்கான சீட்டை வாங்கியிருந்தால் அதே வருகை 10 டாலரில் முடிந்திருக்கும். சேரும் நாளில் இருக்கும் உற்சாகத்தை வைத்து ஆண்டு முழுவதற்கும் கணக்குப் போட்டதன் விளைவு இது. வீட்டுக்குக் கருவி வாங்குகிறவர்களும் இதே தவற்றைத்தான் செய்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு வருகைப் பதிவேடு கிடையாது.

ஆகவே எதற்கும் பணம் கட்டுவதற்கு முன் ஆறு வாரங்கள் ஒரு சோதனை செய்துகொள்வது நல்லது. வாரம் 150 நிமிடமாவது மிதமான உழைப்பும், இரண்டு நாளாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. வேக நடையும், நம் பயில்வான்கள் காலங்காலமாகச் செய்துவந்த தண்டாலும் பஸ்கியும் இந்த அளவுக்குத் தாராளமாகப் போதும். ரத்த அழுத்தம், சர்க்கரை, மூட்டுவலி, நெஞ்சுவலி ஆகியவற்றில் ஏதேனும் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியில் செய்த நாளை மட்டுமல்ல, தவறிய நாளையும் அதன் காரணத்தையும் எழுதிவைக்க வேண்டும். இந்தக் காரணங்களே பிறகு முடிவைச் சொல்லும்.

"அலுவலகத்திலிருந்து வர ஒன்பது மணி ஆகிவிட்டது", "மழை", "குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை" என்பவை அதிகமாக இருந்தால் ஜிம் உங்களுக்கு உதவாது; அங்கே போகும் நேரமும் அதே நாளிலிருந்துதான் வர வேண்டும். மாறாக, "பாதியில் யாரோ அழைத்தார்கள்", "தொடங்கினேன், சலித்துவிட்டது", "சரியாகச் செய்கிறேனா என்று தெரியவில்லை" என்பவை அதிகமாக இருந்தால், வீட்டில் எவ்வளவு நல்ல கருவியை நிறுத்தினாலும் அதே காரணங்கள் திரும்ப வரும். கூட்டுக் குடும்பத்தில் இருக்கும் பெண்கள் பலருக்கு வீட்டுக்கு வெளியே கிடைக்கும் அந்த ஒரு மணி நேரம்தான் குறுக்கீடு இல்லாதது. பெண்களுக்கென ஜிம்மில் ஒதுக்கிய நேரம் தம் வேலைகளுக்கு ஒத்துவருகிறதா என்று பார்த்தாலே அவர்களுக்குப் பாதி முடிவு கிடைத்துவிடும்.

வீடு என்று முடிவானால், கருவிக்கு முன்பு அறையை அளக்க வேண்டும். இதைத்தான் பெரும்பாலோர் தவற விடுகிறார்கள். இரு கைகளாலும் தூக்கும் நீள எடைக்கம்பிதான் பார்பெல்; 2.2 மீட்டர் நீளமுள்ள முழு அளவு பார்பெல்லின் இரு முனைகளிலும் எடைத்தட்டுகளைக் கழற்றி மாட்ட இடம் விட்டால், பத்தடி அகலமுள்ள படுக்கையறை கட்டில் இல்லாமலே நிரம்பிவிடும். அடுத்து, தலைக்கு மேலே பார்க்க வேண்டும். 1.70 மீட்டர் உயரமுள்ளவர் பார்பெல்லைத் தலைக்கு மேல் தூக்கினால் பெரிய தட்டுகளின் மேல்விளிம்பு ஏறத்தாழ 2.4 மீட்டரைத் தொடும். நம் வீடுகளில் மின்விசிறியின் இறக்கைகள் சுற்றுவதும் கிட்டத்தட்ட அந்த உயரத்தில்தான். விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யலாம் என்பவர்கள் மே மாதத்தில் ஒருமுறை முயன்று பார்க்கலாம். உட்கார்ந்தபடி, கைக்கு ஒன்றாகப் பிடிக்கும் குட்டை எடையான டம்பெல் தூக்கினால் இந்தச் சிக்கலே இல்லை.

அடுக்குமாடியின் தளம் எடையைத் தாங்குமா என்ற அச்சம் பலருக்கு உண்டு. குடியிருப்பு அறைகளுக்கு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ என்ற கணக்கை இந்தியத் தர நிர்ணயம் வைத்திருக்கிறது. பரவலாக வைத்த நூறு கிலோ இரும்பு அதற்குள் அடங்கிவிடும். உண்மையான தொல்லை எடையைக் கீழே போடும்போதுதான் வருகிறது. அடியில் சிமெண்ட் சரியாக நிரம்பாமல் ஒட்டிய டைல் ஒரே அடியில் விரிசல் விடும். காலை ஐந்து மணிக்குக் கேட்கும் அந்தச் சத்தத்துக்குக் கீழ்வீட்டார் மறுநாளே மாடியேறி வருவார்கள். கனமான ரப்பர் விரிப்பை இதற்காகவே பட்ஜெட்டில் முதலில் எழுத வேண்டும். கடற்கரைக்கு அருகில் குடியிருப்பவர்கள் ரப்பர் பூச்சுள்ள எடைகளை வாங்குவது நல்லது. நான் வாங்கிய வெறும் இரும்புத் தட்டுகள் இரண்டாவது மழைக்காலத்தில் கையில் செம்மண் பூசத் தொடங்கின.

வீட்டுக்கு முதலில் வாங்க வேண்டியவை எடையைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒரு ஜோடி டம்பெல், சாய்வை மாற்றக்கூடிய பெஞ்ச், ரப்பர் விரிப்பு ஆகிய மூன்றும் மட்டுமே. கால் தசைகள் விரைவில் அதிக எடை கேட்கும் என்பதால், பின்னால் தட்டுகளைச் சேர்க்க இடமுள்ள டம்பெல்லாக வாங்க வேண்டும். பெஞ்சில் படுத்துப் பார்பெல்லைத் தூக்கும் பயிற்சியை, பக்கவாட்டில் தாங்கிகள் இல்லாத நிலையில், தனியாக இருக்கும்போது செய்யவே கூடாது. டிரெட்மில்லை நான் கடைசியில்தான் வைப்பேன். அதற்கு எர்த் உள்ள 16 ஆம்பியர் பிளக் தனியாக வேண்டும், மின்வெட்டில் சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் அதைத் தாங்காது, பெல்ட்டுக்கு அவ்வப்போது சிலிகான் எண்ணெய் விட வேண்டும்; தெருவில் நடப்பதற்கு இவை எதுவும் வேண்டியதில்லை.

ஜிம் என்று முடிவானால், நீங்கள் உண்மையில் போகப்போகும் நேரத்திலேயே சென்று பார்க்க வேண்டும். பிற்பகல் மூன்று மணிக்குக் காலியாகக் காட்டப்படும் கூடம், மாலை ஏழு மணிக்கு ஒரு பெஞ்சுக்கு நால்வர் காத்திருக்கும் இடமாக இருக்கலாம். நடந்து பத்து நிமிடத்துக்குள் இருக்கும் சுமாரான ஜிம், பேருந்து பிடித்துப் போக வேண்டிய குளிரூட்டப்பட்ட ஜிம்மைவிட மேல் என்பது என் கருத்து. பயிற்றுநர் கட்டணம் தனியா, ஊருக்குப் போகும் மாதத்தில் சந்தாவை நிறுத்திவைக்க முடியுமா, இடையில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பவற்றை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். ஜிம் சேவைக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துள்ளதால், ரசீதில் எந்த விகிதம் போட்டிருக்கிறது என்பதையும் கவனிக்கலாம். ஆண்டுச் சந்தாவில் தள்ளுபடி அதிகம் என்றாலும் முதல் மூன்று மாதங்களை மாதச் சந்தாவாகவே கட்டுங்கள். நான் ஒருமுறை ஆண்டுத் தொகையை மொத்தமாகக் கட்டிய ஜிம் ஐந்தாம் மாதத்தில் ஷட்டரை இறக்கிவிட்டது. அப்படி நேர்ந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். கையில் ரசீது இருக்க வேண்டும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழியும் உண்டு. மூன்று மாதம் ஜிம்முக்குப் போய், எடை தூக்கும் முறையைப் பயிற்றுநரிடம் ஒழுங்காகக் கற்றுக்கொண்டு, எந்தக் கருவியை உண்மையில் பயன்படுத்துகிறோம் என்று தெரிந்த பின் அதை மட்டும் வீட்டுக்கு வாங்குவது. அந்த நேரத்தில் பழைய கருவிகளைத் தேடுவதில் தவறில்லை, ஏனெனில் இரும்புத் தட்டில் பழுதாக எதுவும் இல்லை. ஆனால் பத்துக் கிலோ என்று பொறித்த தட்டு பத்துக் கிலோதானா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன் ஒரு தராசில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.