கீரையை வாரம் ஒரு பாத்தியாக விதையுங்கள்

குடும்பமாகச் சேர்ந்து சிறு தோட்டம் போட்டு, விளைந்ததை உழவர் சந்தையில் தாங்களே விற்க விரும்புவோர் கீரையில் தொடங்குவது நல்லது. ஆனால் நிலம் முழுவதையும் ஒரே நாளில் விதைத்துவிடக் கூடாது. முதல் ஆண்டில் நாங்கள் 10 சென்ட்டிலும் முளைக்கீரையை ஒன்றாக விதைத்தோம். 25 நாளில் அத்தனையும் ஒருசேரப் பறிப்புக்கு வந்தது. விற்றது போக மீதி முற்றித் தண்டாகி மாட்டுக்குப் போனது, மறுவாரம் சந்தைக்குக் கொண்டுபோக ஒரு கட்டுக்கூட இல்லை.

இப்போது நிலத்தை நான்கு பாத்திகளாகப் பிரித்து வாரத்துக்கு ஒன்றாக விதைக்கிறோம். நான்காவது பாத்தியை விதைத்த சில நாட்களிலேயே முதல் பாத்தி பறிப்புக்கு வந்துவிடும். பறித்ததும் தொழுவுரம் இட்டுக் கொத்தி, மீண்டும் விதைக்கலாம். அறுக்க அறுக்கத் துளிர்க்கும் அரைக்கீரைக்கு வரப்போரமாகத் தனி இடம் ஒதுக்கினால், மழையால் ஒரு பாத்தி கெட்டாலும் கை வெறுமையாகாது.

விதைப்பில்தான் கவனம் வேண்டும். கடுகைவிடச் சிறிய விதையாதலால், அதைப்போல் மூன்று மடங்கு உலர்ந்த மணலுடன் கலந்து தூவினால்தான் ஒரே இடத்தில் குவியாமல் பரவலாக விழும். எறும்பு விதையை இழுத்துச் செல்லாமலிருக்கப் பாத்தியைச் சுற்றிச் சாம்பல் தூவுங்கள். முளைக்கும்வரை பூவாளியால் மட்டுமே நீர் தெளியுங்கள். வாய்க்காலில் பாய்ச்சினால் விதையெல்லாம் அடித்துக்கொண்டு போய் ஒரு மூலையில் சேர்ந்துவிடும்.

பறிப்பை மாலையில் வைத்துக்கொண்டு, வேர்மண்ணை அலசி, வாழைநாரால் கட்டி, ஈரச்சாக்கில் சுற்றி வைத்தால் விடியற்காலைச் சந்தைக்கு வாடாமல் போய்ச் சேரும். எங்கள் வீட்டில் கட்டுப் போடுவது பாட்டியின் பொறுப்பு. அவர் கையளவு மாறுவதே இல்லை என்பதால், வாங்குவோர் அளவைப் பற்றிக் கேட்பதுமில்லை.