ஆறு மாதப் பிள்ளைக்குச் சோறு தீத்தும்போது

முத்தையன்கட்டுப் பக்கத்துத் தாய்மாரிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், அதற்குப் பிறகு கஞ்சித்தண்ணி காணாது. வயிறு நிரம்பும், பிள்ளை தேறாது.

சோற்றைக் குழைய வேகவைத்து, கரண்டியைச் சரித்தால் வழிந்தோடாத பதத்தில் மசியுங்கள். தொடக்கத்தில் இரண்டு மூன்று தேக்கரண்டி காணும். அப்புறம் பருப்பு, பூசணி, முருங்கையிலை என்று ஒவ்வொன்றாகச் சேருங்கள். குளத்து மீன் கிடைத்தால் அவித்து, சதையைத் துளித்துளியாக விரலிடையே நசித்து முள் பாருங்கள், அவசரப்படவே கூடாது. மீனுக்கும் முட்டைக்கும் ஒரு வயது வரை காத்திருக்க வேண்டாம். மேலே கொஞ்சம் தேங்காயெண்ணெய் விடுங்கள். சீனி, உப்பு வேண்டாம். தேன் ஒரு வயதுக்கு முன் கூடவே கூடாது.

எட்டு மாதம் வரை நாளுக்கு 2–3 தடவை, பிறகு 3–4 தடவை. தாய்ப்பால் 2 வயது தாண்டியும் கொடுக்கலாம்.

வயிற்றோட்டம் என்றதும் சாப்பாட்டை நிறுத்துவதுதான் எனக்குப் பெரிய கவலை. உலகில் 5 வயதுக்குள் இறக்கும் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேரின் சாவில் போசாக்குக் குறைவுக்குப் பங்குண்டு. நலிந்த உடம்பு சாதாரண வயிற்றோட்டத்தையே தாங்காது. பாலையும் சோற்றையும் நிறுத்தாதீர்கள். ஜீவனியை (வயிற்றோட்டத்தில் இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் தூள்) பக்கற்றில் எழுதியிருக்கும் அளவு கொதித்தாறிய தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்குங்கள். கண் குழிந்தால், குடிக்க மறுத்தால், மலத்தில் இரத்தம் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கிளினிக்கில் பிள்ளையை நிறுக்கும்போது, வளர்ச்சிப் பதிவேட்டில் நிறையைக் காட்டும் கோடு ஏறாமல் படுத்திருந்தால் அடுத்த கிளினிக் வரை பொறுக்காமல் குடும்பநல மாதுவிடம் (உங்கள் பகுதி மருத்துவிச்சியிடம்) காட்டுங்கள்.