சொத்துவரி ரசீதையும் நகராட்சியின் செலவுக் கணக்கையும் வாசிப்பது எப்படி?

ராமநாதபுரம் கடற்கரையில் ராமேஸ்வரமும் கீழக்கரையும் நகராட்சிகள். மண்டபமும் தொண்டியும் பேரூராட்சிகள். இவற்றில் வீடோ கடையோ வைத்திருப்பவர்கள் தங்கள் வரியைத் தாங்களே சரிபார்க்கவும், அந்தப் பணம் எங்கே போகிறது என்று கேட்டறியவும் இந்த விளக்கம் உதவும். பாம்பன், தங்கச்சிமடம் போன்றவை ஊராட்சிகள் என்பதால் அங்கே வீட்டுவரி வேறு சட்டப்படி விதிக்கப்படுகிறது. இந்தக் கணக்கு அவற்றுக்குப் பொருந்தாது.

படி 1: ரசீதுகளை எடுத்து வையுங்கள்

2022 ஏப்ரலுக்கு முந்தைய ரசீது ஒன்றும் இப்போதைய ரசீது ஒன்றும் வேண்டும். இரண்டிலும் வரிவிதிப்பு எண், வார்டு, தெரு, உரிமையாளர் பெயர் ஆகியவை ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய ரசீது தொலைந்திருந்தால், வரிவிதிப்பு எண்ணைச் சொல்லி நகராட்சி அலுவலகத்தின் வருவாய்ப் பிரிவில் கேளுங்கள்.

படி 2: உயர்வைக் கணக்கிடுங்கள்

சென்னை நீங்கலான நகர்ப்புற உள்ளாட்சிகளில் 2008-க்குப் பிறகு சொத்துவரியின் பொதுச் சீராய்வு எதுவும் நிலைக்கவில்லை. சொத்துவரியை முறையாக உயர்த்தும் உள்ளாட்சிகளுக்கே மானியம் என்று ஒன்றிய அரசின் 15-ஆவது நிதி ஆணையம் நிபந்தனை விதித்ததைக் காரணமாகக் காட்டி, 2022-இல் தமிழ்நாடு அரசு வரியை உயர்த்தியது. குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று அந்த உயர்வு அமைந்தது. வணிகக் கட்டடங்களுக்கு 100 சதவீதம். அதன் பிறகு, 2024-இல் பல உள்ளாட்சிகளில் 6 சதவீத உயர்வும் சேர்ந்தது.

ஆகவே 1,000 சதுர அடி வீட்டுக்கு அரையாண்டு வரி முன்பு 800 ரூபாயாக இருந்தால், முதல் உயர்வில் 1,200 ரூபாயாகவும், 6 சதவீதம் சேர்ந்தபின் 1,272 ரூபாயாகவும் ஆகும். உங்கள் ரசீதில் இதைவிடக் கணிசமாகக் கூடியிருந்தால், பரப்பளவையோ பயன்பாட்டு வகையையோ சந்தேகிக்க வேண்டும். பக்தர்களுக்கு அறை வாடகைக்கு விடும் பழக்கம் உள்ள ஊர்களில், குடியிருப்பு என்று இருக்க வேண்டியது வணிகம் என்று பதிவாகியிருக்கிறதா என்பதை அவசியம் பாருங்கள்.

படி 3: வீட்டை அளந்து பாருங்கள்

இந்தப் படியை யாரும் தவிர்க்கக் கூடாது என்று வற்புறுத்திச் சொல்கிறேன். எங்கள் வீட்டின் பரப்பு 1,160 சதுர அடி; பதிவேட்டில் 1,240 என்று இருந்தது. என் தங்கை டேப்பின் ஒரு முனையை வாசல் நிலையோடு சேர்த்துப் பிடிக்க, நான் மறுமுனையை இழுத்துக்கொண்டு ஒவ்வோர் அறையாக அளந்து நோட்டில் குறித்தேன். உப்புக்காற்றில் காரை உதிர்ந்த பின்சுவரை எட்டியபோதுதான் விஷயம் புரிந்தது. பாகப்பிரிவினையில் பெரியப்பா பங்குக்குப் போன, பத்தடிக்கு எட்டடி அறை எங்கள் கணக்கிலும் சேர்ந்திருந்தது. அந்த 80 சதுர அடியால் நாங்கள் 50 சதவீத வரம்பைத் தாண்டி 75 சதவீத வரம்புக்குள் போய்விட்டோம்; 1,200 ரூபாயாக இருக்க வேண்டிய அரையாண்டு வரி 1,400 ரூபாயாக வந்திருந்தது.

பிழை இருந்தால், கையால் வரைந்த அளவு வரைபடம், பத்திர நகல், இரண்டு ரசீதுகளின் நகல் ஆகியவற்றை இணைத்து ஆணையருக்கு மனு எழுதுங்கள். பேரூராட்சி என்றால் செயல் அலுவலருக்கு எழுதுங்கள். மனுவில் கோபத்தையும் பொதுக் குறைகளையும் எழுதாமல், பதிவேட்டு அளவு, உண்மை அளவு, கோரும் திருத்தம் ஆகிய மூன்றை மட்டும் எழுதினால் போதும். நகலில் தேதியுடன் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். முடிவு வரும்வரை வரியைக் கட்டாமல் நிறுத்துவது நல்லதன்று. தாமதத்துக்கு மாதம் 1 சதவீத வட்டி உண்டு. மாறாக, ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்கும் அரையாண்டின் முதல் 30 நாட்களுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை கிடைக்கும். எங்களுக்கு மறு அளவீடு முடிந்து, கூடுதலாகக் கட்டிய தொகை அடுத்த அரையாண்டில் கழிக்கப்பட்டது.

படி 4: செலவுக் கணக்கைக் கேளுங்கள்

வரி சரியாக இருந்தாலும் இந்தப் படி எல்லோருக்கும் உரியது. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் 10 மணி நேரத்தில் 41 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த அளவு மழைக்கு எந்த ஊரின் வாறுகாலும் ஈடுகொடுக்காது என்பது உண்மைதான். ஆனால் சாதாரண ஐப்பசி மழைக்கே தெருவில் முழங்கால் அளவு நீர் நின்றால், வாறுகால் தூர்வாரும் பணிக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், அதில் எவ்வளவு செலவழித்தார்கள் என்று கேட்பது வரி கட்டுபவரின் உரிமை.

நகராட்சியின் வரவு செலவு அறிக்கையில் வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, ஆரம்பக் கல்வி நிதி என்று தனித்தனிக் கணக்குகள் இருக்கும். அவற்றில் ஒதுக்கீட்டை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். முந்தைய ஆண்டின் உண்மைச் செலவை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சம்பளமும் ஓய்வூதியமும், தெருவிளக்கு மற்றும் நீரேற்றத்துக்கான மின்கட்டணம், துப்புரவு ஒப்பந்தம், கூட்டுக் குடிநீருக்காகக் குடிநீர் வடிகால் வாரியத்துக்குச் செலுத்தும் தொகை ஆகியவை போனபின் புதிய பணிகளுக்கு மிஞ்சுவது எவ்வளவு என்பது அப்போது தெரியும். மானியமாக வந்த பணத்தையும் சொந்த வருவாயையும் பிரித்துப் பாருங்கள். 15-ஆவது நிதி ஆணையம் 2021-26 காலத்துக்குச் சிறு நகரங்களுக்கு ஒதுக்கிய மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே உரியது. அதை எடுத்துச் சாலை போட முடியாது. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் வந்து போகும் கூட்டத்தின் குப்பையை அள்ளும் செலவு உள்ளூர் வீட்டுவரியிலிருந்து எவ்வளவு போகிறது என்பதையும் நம் ஊர்க்காரர்கள் கேட்டே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அறிக்கை கிடைக்காவிட்டால், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். “வாறுகாலுக்கு என்ன செய்தீர்கள்?” என்று கேட்டால் பயன் இல்லை. “இன்ன நிதியாண்டில், இன்ன வார்டில், வாறுகால் பணிக்கான ஒதுக்கீடு, உண்மைச் செலவு, ஒப்பந்த ஆணை நகல், அந்த ஆண்டின் தணிக்கை அறிக்கை நகல்” என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பதில் தர 30 நாள் கெடு. கிடைத்த தாள்களை எடுத்துக்கொண்டு, உங்கள் வார்டின் பகுதி சபாக் கூட்டத்துக்கு, அதாவது அந்தப் பகுதி வாக்காளர்கள் கூடும் கூட்டத்துக்கு, பக்கத்து வீட்டாரையும் அழைத்துச் செல்லுங்கள்.