பழைய வெள்ளி ரூபாய்க்கு கிரேடு போடுறது எப்படி? மொதல் தடவை பார்க்கறவங்களுக்கு

நம்ம கொங்குப் பக்கம் பழைய வீட்டு அட்டாலியில இருந்து தகரப்பெட்டிய எறக்குனா ராசா தலை போட்ட வெள்ளி ரூபா நாலஞ்சாவது கெடைக்கும்ங்க. அப்பாரு காலத்துல சீர்ல வந்ததா இருக்கும், இல்லைன்னா நோம்பிக்கு சாமிகிட்ட வெச்சு எடுத்து வெச்சதா இருக்கும். அதைக் கடையில காட்டுனா ஒருத்தர் வெறும் வெள்ளி வெலை சொல்லுவாரு, அடுத்தவரு அதுக்கு மேல ரெண்டு மடங்கு சொல்லுவாரு, ஏனுங்கன்னு கேட்டா "கண்டிஷன்"னு ஒரே வார்த்தைல முடிச்சுருவாங்க. காசு எவ்வளவு தேஞ்சிருக்குன்னு பார்த்து அந்தக் கண்டிஷனுக்கு ஒரு பேர் வெக்கறதுதான் கிரேடு போடறது, அத நாமளே பார்த்துக்கலாம், பெரிய வித்தையெல்லாம் இல்லீங்க. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய உதாரணமா வெச்சுக்கறேன், 1911ல இருந்து 1936 வரைக்கும், வீடுகள்ல எச்சா கெடைக்கறது அதுதான்.

ஸ்டெப் 1: வெளிச்சமும் தராசும்

டியூப்லைட் வேண்டாம், அதோட வெளிச்சம் பரவி விழுகறதால கீறலெல்லாம் மறைஞ்சு போயிரும். ஒத்த பல்பு இருக்கிற டேபிள் லேம்ப் போதும். கீழ துண்டு விரிச்சுக்கங்க, காசு கை தவறி விழுந்தா விளிம்புல அடிபட்டு அங்கயே கிரேடு போயிரும். விளிம்ப மட்டும் புடிங்க, காசோட ரெண்டு பக்கத்துலயும் வெரல் படக்கூடாது. நகைக்கடையில வெச்சிருக்கிற பத்து மடங்கு லென்ஸ் ஒண்ணு வாங்கிக்கங்க, ஆனா மொதல்ல வெறுங்கண்ணுலதான் பார்க்கணும், எடுத்ததும் லென்ஸ வெச்சுத் தேடுனா நல்ல காசு கூட குப்பையாத்தான் தெரியும்.

பொறவு எடை. ஒரிஜினல் எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. தேய்ஞ்ச காசுல கொஞ்சம் கொறையும், அது சகஜம், ஒரு கிராமுக்கு மேல கொறைஞ்சா டூப்ளிகேட்டோன்னு சந்தேகப்படுங்க. காந்தம் ஒட்டக்கூடாது. (1947 ரூபா மட்டும் ஒட்டும், அது நிக்கல், பயந்துராதீங்க.)

ஸ்டெப் 2: மேடு எங்க இருக்குன்னு கண்டுபிடிங்க

காசு புழங்கும்போது மொதல்ல தேயறது மேடுதான், அதனால கிரேடு பார்க்கறதுன்னா மேட்டப் பார்க்கறதுன்னே வெச்சுக்கலாம். ஒவ்வொரு டிசைனுக்கும் மேடு வேற வேற எடத்துல இருக்கும். விக்டோரியா ராணின்னா கிரீடம், தலைப்பின்னல், கன்னம், சட்டைல இருக்கிற பூவேலை. ஏழாம் எட்வர்டுக்கு கிரீடமே இல்லை, வெறுந்தலை, அதனால காதும் காதுக்கு மேல முடியும் தாடியும் சீக்கிரம் வழிச்சுரும். ஐந்தாம் ஜார்ஜுக்கு கிரீடத்தோட பட்டை, காதுகிட்ட முடி, கன்னம், மீசை, அங்கி வேலைப்பாடு. அந்த அங்கியில ஒரு குட்டி யானை இருக்கும் பாருங்க, 1911 காசுல அது பன்னி மாதிரி தெரியுதுன்னு பிரச்சனை கிளம்பி 1912ல டிசைனையே திருத்துனாங்க, அந்த 1911 ரூபாய இன்னிக்கும் பன்னி ரூபான்னுதான் சொல்றாங்க. பின்பக்கம் பூமாலைல இதழ்களப் பாருங்க. வருசம் தெளிவா தெரியுதேன்னு சந்தோசப்படாதீங்க, எழுத்து கடைசியாத்தான் தேயும்.

ஸ்டெப் 3: சாய்ச்சுப் பாருங்க

இதுதாங்க முக்கியம், சித்தெ பொறுமையா படிங்க. காசு அடிக்கும்போது அழுத்தத்துல உலோகம் நடுவுல இருந்து வெளிய ஓடும், அந்த ஓட்டத்தோட நுணுக்கமான கோடுகள் மேல்பரப்புல நின்னுரும், காச பல்புக்கு கீழ மெதுவா சாய்ச்சா வண்டிச்சக்கரத்து ஆரக்கால் சுத்தற மாதிரி வெளிச்சம் சுத்தி வரும், வியாபாரிங்க இதத்தான் லஸ்டர்ங்கறாங்க. தேய்ஞ்ச எடத்துல இந்த ஓட்டம் அறுந்து மங்கலா சாம்பலா நிக்கும். பாலிஷ் போட்ட காசு பளபளன்னு இருக்கும், ஆனா சாய்ச்சா எதுவும் சுத்தாது, ஒரேடியா கண்ணாடி மாதிரி மின்னும், லென்ஸ்ல பார்த்தா மெல்லிசு கீறல் நூத்துக்கணக்குல ஒரே பக்கமா ஓடும். பளபளப்பும் லஸ்டரும் ஒண்ணுன்னு நெனைச்சுத்தான் ஏகப்பட்ட பேரு காச வாங்கி ஏமாறாங்க.

இன்னொரு கொழப்பமும் இங்கதான் வரும். சில காசு அடிக்கும்போதே அழுத்தம் பத்தாம மேடு சரியா எழும்பாம இருக்கும், பார்த்தா தேஞ்ச மாதிரியே தெரியும். சாய்ச்சுப் பாருங்க, அந்த மழுங்குன எடத்துலயும் வெளிச்சம் ஓடுச்சுன்னா அது தேய்மானம் இல்லை, அச்சுக் கொறை. ஓடலைன்னா தேய்மானம். கடைக்காரரு "இது வீக் ஸ்ட்ரைக்ங்க"ன்னு சொன்னா நம்பறதுக்கு முன்னாடி இத செஞ்சு பாருங்க.

ஸ்டெப் 4: பேர் வைங்க

மேட்டுல கூட லஸ்டர் அறுபடலைன்னா யுஎன்சி, புழங்காத காசு. மூட்டைல ஒண்ணோட ஒண்ணு இடிச்ச சின்ன தழும்பு இருந்தாலும் யுஎன்சிதான், இடிச்சது வேற தேஞ்சது வேற. கன்னம் மீசை கிரீடப்பட்டைல மட்டும் லேசா சாம்பல் தட்டியிருந்தா ஏயூ, கிட்டத்தட்ட புழங்காத காசு. லஸ்டர் ஓரஞ்சாரத்துல எழுத்துக்கு நடுவுல மட்டும் ஒளிஞ்சிருக்கு, ஆனா முடியிழை அங்கி வேலையெல்லாம் தெரியுதுன்னா எக்ஸ்எஃப், அதாவது எக்ஸ்ட்ரீம்லி ஃபைன். முடி ஒண்ணோட ஒண்ணு கலந்து, அங்கியில பாதி வேலைதான் தெரியுதுன்னா விஎஃப், அதாவது வெரி ஃபைன், பெட்டியில கெடைக்கறது பெரும்பாலும் இங்கதான் நிக்கும். அதுக்கும் கீழ ஃபைன், வெரி குட், குட். கடைசில வர்ற குட்டுங்கறது வெறும் நெழல் மட்டும் மிச்சமிருக்கிற காசு, பேரப் பார்த்து ஏமாந்துராதீங்க.

இந்தப் பேருங்களோட கூடவே ஒரு நம்பரும் போடுவாங்க, அது 1ல இருந்து 70 வரைக்கும் போகும். 1949ல வில்லியம் ஷெல்டன்னு ஒருத்தர் அமெரிக்க செம்புக் காசுக்குன்னு போட்ட கணக்கு அது, 60ல இருந்து மேல யுஎன்சி. பிசிஜிஎஸ், என்ஜிசி மாதிரி அமெரிக்க கம்பெனிங்க காச பிளாஸ்டிக் கூட்டுல சீல் பண்ணி அந்த நம்பரப் போட்டுத் தருவாங்க. சாதாரண விஎஃப் ரூபாய்க்கு அதெல்லாம் தண்டச்செலவு.

ஸ்டெப் 5: கழுவுன காசும் கோர்த்த காசும்

நம்மூர்ல பித்தளைய புளி போட்டு தேய்ப்போம், வெள்ளிய திருநீறு போட்டு தேய்ப்போம், காசையும் அப்படியே தேச்சு வெச்சிருப்பாங்க. அதுக்கு எவ்வளவு டீடெயில் இருந்தாலும் முழு கிரேடு கெடையாது, கம்பெனிக்காரங்களும் நம்பர் தராம டீடெயில்ஸ்னு மட்டும் போட்டுருவாங்க. கருத்துப் போயிருந்தா அப்படியே விடுங்க, இயற்கையா கருத்த காசுக்கு தனியா வெலை இருக்கு. மாலையில கோர்த்ததுன்னா ஓட்டை இருக்கும், இல்ல விளிம்புல பத்தவெச்ச தடம் இருக்கும், ஓட்டைய அடைச்சிருந்தாலும் லென்ஸ்ல தெரியும். அதுக்கெல்லாம் வெள்ளி வெலைதான், கெடைச்சா சந்தோசம்.

கரூர் அமராவதி ஆத்துல கெடைச்ச சேரர் காசு, ரோமானிய காசுன்னு யாராவது கொண்டுவந்தா இந்தக் கணக்கு அப்படியே செல்லாது, கையால அடிச்ச காசுல அச்சு நடுவுல விழுந்திருக்கான்னுதான் மொதல்ல பார்க்கணும். மண்ணுல இருந்து பொதையல் எடுத்தா கலெக்டருக்கு தகவல் சொல்லணும்னு 1878லயே சட்டம் இருக்கு, அதையும் ஞாபகம் வெச்சுக்கங்க.

கிரேடு போட்டாச்சுன்னா காச அட்டை ஹோல்டர்ல போட்டு பென்சில்ல எழுதி வைங்க. மறுநாள் எழுதுனதப் பார்க்காம திரும்ப கிரேடு போடுங்க, ரெண்டும் ஒத்து வரலைன்னா கீழ இருக்கிறத வெச்சுக்கங்க. பிவிசி பிளாஸ்டிக் கவர் வேண்டவே வேண்டாம், கொஞ்ச நாள்ல பச்சையா பிசுபிசுன்னு ஒண்ணு காசுல ஏறிக்கும். ஹோல்டர்ல அடிக்கிற ஸ்டேப்ளர் பின்ன குறடால நல்லா தட்டையாக்கி விடுங்க, இல்லைன்னா பக்கத்துக் காச கீறிரும்.