நிலத்தடி நீர் ஆய்வு: பேப்பர் ஃபீல்டிலேயே தோற்றுப்போகும் இடங்கள்

ஜர்னலுக்கு அனுப்பும் முன் ஒருமுறை பார்த்துத் தரச் சொல்லி என்னிடம் வரும் பேப்பர்களில் பாதிக்கு மேல் நீர்த் தரம் பற்றியவை. பாலாறு, நொய்யல், பள்ளிக்கரணை என்று இடம்தான் மாறும். தவறுகள் எங்கள் காலத்தில் நாங்கள் செய்தவைதான். ஆங்கிலப் பிழை, மேற்கோள் வடிவம், காப்பி அடிப்பது பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. அவற்றைச் சாஃப்ட்வேரே பிடித்துவிடும்.

பாட்டிலை எண்ணிவிட்டு கிணற்றை மறப்பது

பாலாற்றுப் படுகையில் தோல் தொழிற்சாலைக் கழிவால் நிலத்தடி நீர் கெட்டிருக்கிறதா என்று பார்த்த ஒரு மாணவி, ரிஜெக்ட் ஆன பேப்பரோடு வந்தார். தொழிற்சாலைக்குப் பக்கத்தில் ஒரு கிணறு, தூரத்தில் ஒரு கிணறு. ஒரு வருடம், மாதாமாதம், ஒவ்வொரு கிணற்றிலும் மூன்று பாட்டில். ஆக ஒவ்வொரு பக்கமும் மாதிரி எண்ணிக்கை 36 என்று அட்டவணையில் போட்டு, இரண்டு பக்கத்துச் சராசரியும் உண்மையிலேயே வேறுதானா என்று பார்க்கும் டி-டெஸ்ட் செய்திருந்தார். உண்மையில் வித்தியாசமே இல்லாதபோது இப்படியொரு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பைச் சொல்லும் பி வேல்யூ 0.001-க்கும் கீழே. ரிவ்யூவர் எழுதியிருந்தது ஒரே கேள்வி: மொத்தம் எத்தனை கிணறு?

இரண்டு. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சரிதான். மூன்று சோறு எடுத்துப் பார்த்தாலும் தெரிவது அந்தப் பானையின் பதம்தான், பக்கத்து வீட்டுப் பானையைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஒரே கிணற்றில் எடுத்த மூன்று பாட்டில்களும் அப்படித்தான். உங்கள் கை எவ்வளவு சுத்தம், கருவி எவ்வளவு நிதானம் என்பதை அவை சொல்லும். தொழிற்சாலையைப் பற்றிச் சொல்லாது. மாதாமாதம் போய் எடுத்ததும் தனித்தனிச் சாட்சி ஆகாது, ஏனென்றால் ஜூன் மாத நீரில் பெரும்பகுதி மே மாதத்தில் இருந்த அதே நீர். அந்த இரண்டு கிணறுகளில் ஒன்று ஆற்று வண்டலில் இருந்தது, இன்னொன்று பாறையைத் துளைத்த போர்வெல். கரைந்த உப்பில் இருந்த வித்தியாசம் தோல் கழிவால் வந்ததா, பாறையால் வந்ததா, ஆழத்தால் வந்ததா? இரண்டே கிணற்றை வைத்துக்கொண்டு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இது புதிதாகக் கண்டுபிடித்த குறை அல்ல. சூழலியல் ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984-இல் 'எக்கலாஜிகல் மோனோகிராஃப்ஸ்' ஜர்னலில் இதைப் பற்றியே ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அவர் அலசிய களப் பரிசோதனை ஆய்வுகளில் 27 சதவீதத்தில் இந்தத் தவறு இருந்தது. புள்ளியியல் சோதனை செய்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டால் 48 சதவீதம். நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் எனக்கு மாதம் ஒன்றாவது வருகிறது.

எனக்கு எரிச்சல் மாணவர்கள் மேல் இல்லை. "சாம்பிள் போதாது, கூட்டு" என்று கைடு சொல்வார், எதைக் கூட்ட வேண்டும் என்று சொல்ல மாட்டார். மாணவர் பாட்டிலைக் கூட்டுவார். சாஃப்ட்வேரும் எத்தனை கிணறு என்று கேட்காது. 36 வரிசை கொடுத்தால் 36-க்குக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிடும். அந்த மாணவி லேபுக்குக் கட்டணம் கட்டியது 72 பாட்டிலுக்கு. அதே 72-ஐ, தொழிற்சாலைப் பக்கம் 12 கிணறு, ஒரே மாதிரிப் பாறையும் ஆழமும் உள்ள ஒப்பீட்டுப் பக்கம் 12 கிணறு, வருடத்தில் மூன்று பருவம், கிணற்றுக்கு ஒரு பாட்டில் என்று பிரித்திருக்கலாம். ஃபெலோஷிப் முடிந்த பிறகு இதைச் சொல்லி என்ன பயன்? கிணற்றுக்குப் போகும் முன் சொல்லியிருக்க வேண்டும். தரப் பரிசோதனைக்காக இரட்டைச் சாம்பிள் எடுப்பது அவசியம்தான், பத்துக்கு ஒன்று போதும். அதைச் சராசரியாக்கி ஒரே எண்ணாகத்தான் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இந்த எண்கள் தீஸிஸோடு நின்றுவிடுவதும் இல்லை. வேலூர் மாவட்டத் தோல் கழிவு வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று தீர்ப்பளித்தது. இன்று சென்னையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு இருக்கிறது. உங்கள் பேப்பர் அங்கே தாக்கலானால், எதிர்த் தரப்பு வழக்கறிஞருக்கு அந்த ரிவ்யூவரின் ஒற்றைக் கேள்வியே போதும். உண்மையிலேயே கெட்டுப்போன கிணறு, மோசமான ஆய்வால் சந்தேகத்துக்குரிய கிணறாகிவிடும்.

சரி, ஃபீல்டு முடிந்துவிட்டது, இனி என்ன செய்வது? மூன்று பாட்டிலையும் சராசரியாக்குங்கள். பி வேல்யூவை எடுத்துவிடுங்கள். "பாலாற்றுப் படுகை" என்ற தலைப்பை "இரண்டு கிணறுகளில் ஓராண்டுக் கண்காணிப்பு" என்று சுருக்குங்கள். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் கண்காணிப்புக் கிணறுகளின் நீர்த் தரத் தரவு பொதுவில் கிடைக்கிறது. அதே வட்டாரக் கிணறுகளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பேப்பர் சின்னதாகும், ஆனால் நிற்கும். அந்த மாணவியின் கைடு இதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. "வேறு ஜர்னலுக்கு அனுப்பும்மா" என்றாராம்.

கருவிக்குத் தெரியாததைப் பூஜ்யம் என்று எழுதுவது

குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500-இல் காட்மியத்துக்கு வரம்பு லிட்டருக்கு 0.003 மில்லிகிராம். உங்கள் கருவியால் 0.01-க்குக் கீழே பார்க்க முடியாது என்று வையுங்கள். "காட்மியம் இல்லை, நீர் பாதுகாப்பானது" என்று எப்படி எழுதுவீர்கள்? வரம்பைப் போல மூன்று மடங்கு இருந்தாலும் அந்தக் கருவிக்குத் தெரியாதே. அட்டவணையில் "0.01-க்குக் கீழ்" என்று போடுங்கள், கண்டறியும் எல்லையைச் செய்முறைப் பகுதியில் சொல்லுங்கள். எல்லையில் பாதியைப் போட்டுச் சராசரி எடுக்கும் பழைய வழக்கத்தை இப்போது பல ரிவ்யூவர்கள் ஏற்பதில்லை. இப்படிப்பட்ட தரவுக்கென்றே தனி முறைகள் இருக்கின்றன.

பி.எச்.

நீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் இந்த எண்ணைக் கிணற்றடியில் அளக்கவும். லேபுக்கு வருவதற்குள் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி எண் மாறியிருக்கும்.

அயனிச் சமநிலை

நீரில் நேர் அயனிகளின் மின்னூட்டக் கூட்டுத்தொகையும் எதிர் அயனிகளின் கூட்டுத்தொகையும் சமமாக இருக்க வேண்டும். 5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி அளக்கவும். 10-ஐத் தாண்டிய சாம்பிளை வைத்து, அயனிகளின் விகிதத்தால் நீரை வகைப்படுத்தும் பைப்பர் படம் போடாதீர்கள்.

பழைய பட்டியலை நம்பி ஜர்னல் தேர்ந்தெடுப்பது

சீனியர் கொடுத்த எக்ஸெல் பட்டியலைத் தூக்கிப் போடுங்கள். பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2018 மே மாதத்தில் தன் அங்கீகரித்த ஜர்னல் பட்டியலிலிருந்து 4,305 ஜர்னல்களை ஒரேயடியாக நீக்கியது. அப்புறம் 2019-இல் அதற்குப் பதிலாக யு.ஜி.சி.யின் கேர் பட்டியல் வந்தது, 2025-இல் அதுவும் கைவிடப்பட்டது. பெரிய பதிப்பாளர் என்பதும் காப்பாற்றாது: எல்சேவியரின் 'கீமோஸ்ஃபியர்' 2024 டிசம்பரில், தேர்ந்தெடுத்த ஜர்னல்களை மட்டும் சேர்க்கும் தரவுத்தளமான வெப் ஆஃப் சயன்ஸிலிருந்து நீக்கப்பட்டது. எங்கள் துறையில் அதில் பேப்பர் போடாதவர்களை விரல் விட்டு எண்ணலாம். ஆகவே அனுப்பும் அன்றைக்கே வெப் ஆஃப் சயன்ஸின் மாஸ்டர் ஜர்னல் லிஸ்டில் தேடிப் பாருங்கள். ஜர்னலின் தளத்துக்கும் அங்கிருந்தே போங்கள், கூகுளில் தேடிப் போகாதீர்கள். பெயரையும் ஜர்னலின் அடையாள எண்ணான ஐ.எஸ்.எஸ்.என்.-ஐயும் அப்படியே திருடி நடத்தும் போலித் தளங்கள் இருக்கின்றன.

பணம் கேட்டாலே போலி என்று நினைப்பதும் தவறு. யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய நல்ல திறந்த அணுக்க ஜர்னல்களும் கட்டணம் வாங்குகின்றன. ஆனால் அனுப்பிய நாலாம் நாளே "ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்று மெயில் வந்தால் ஓடிவிடுங்கள்.

வரைபடம்

இந்திய எல்லைக் கோட்டை சர்வே ஆஃப் இந்தியா வரைபடத்திலிருந்து எடுக்கவும்.

ரிஜெக்ட் ஆன மறுநாளே அடுத்த ஜர்னலுக்கு அனுப்புவது

ரிவ்யூவர் சொன்னதைத் திருத்தாமல் அனுப்பினால் தெரியவா போகிறது என்று நினைப்பீர்கள். தமிழ்நாட்டு நிலத்தடி நீர் பேப்பரை ரிவ்யூ செய்யும் ஆட்கள் மிகக் குறைவு. வெவ்வேறு எடிட்டர்கள் அதே ஆட்களைத்தான் தேடி வருகிறார்கள். ஒரு ஜர்னலுக்காக நான் மூன்று பக்கம் குறிப்பு எழுதித் திருப்பிய பேப்பர், கொஞ்ச நாளில் இன்னொரு ஜர்னல் வழியாக என்னிடமே வந்தது. தலைப்பு மாறியிருந்தது. நான் சுட்டிக்காட்டிய அட்டவணை தப்பு அப்படியே இருந்தது. பழைய குறிப்பையே அந்த எடிட்டருக்கும் அனுப்பி, இது ஏற்கெனவே எழுதியது என்று மேலே ஒரு வரி சேர்த்தேன்.