அவசரச் சிகிச்சைப் பிரிவில் கூட்டம் என்றால் காய்ச்சல் பரவுகிறது என்று அர்த்தமா?

"ஆறு மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள், ஏதோ காய்ச்சல் பயங்கரமாகப் பரவுது" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி வந்தால் போதும், பொழுது விடிவதற்குள் அது பத்துக் குழுக்களைச் சுற்றிவிடும். காத்திருந்த நேரத்தை வைத்து நோயை அளப்பதுதான் சிங்கப்பூரில் நான் அதிகம் பார்க்கும் தவறு. வார்டில் படுக்கை காலியாகாவிட்டால், சேர்க்க வேண்டியவர்கள் அவசரப் பிரிவிலேயே காத்திருப்பார்கள். புதிதாக ஒருவர்கூடக் கூடுதலாக வராமலே இடம் நிரம்பி வழியும்.

அடுத்தது விடுமுறை. சீனப் புத்தாண்டுக்குப் பல குடும்ப மருத்துவர்களின் கிளினிக்குகள் பூட்டியிருக்கும், பலதுறை மருந்தகங்களும் (அரசாங்கப் பாலிகிளினிக்குகள்) திறக்காது. சாதாரண இருமல்காரர்களுக்கும் அவசரப் பிரிவுதான் கதி. வருகை ஏறும், அதற்குக் கிருமி காரணமாக இருக்க வேண்டியதில்லை. சரி, போன ஆண்டின் அதே வாரத்தோடு ஒப்பிட்டால் போதாதா? போதாது. புத்தாண்டு 2023இல் ஜனவரி 22, 2024இல் பிப்ரவரி 10. ஏறக்குறைய மூன்று வாரம் தள்ளிப்போயிற்று. நோன்புப் பெருநாளோ ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னால் வரும். வார எண்ணைவிட, பண்டிகைக்கு முன்பா பின்பா என்று பார்த்து ஒப்பிடுவதே நியாயம்.

2020ஐ அளவுகோலாக எடுப்பதும் ஆபத்து. கொவிட் கட்டுப்பாடுகளால் சளிக்காய்ச்சல் (இன்ஃப்ளூயன்சா) ஏறத்தாழ மறைந்தே போன அதே ஆண்டில், டெங்கி 35,000 பேரைத் தாண்டியது. இரண்டையும் "காய்ச்சல்" என்று ஒரே கணக்கில் போட்டால் எதுவும் புலப்படாது. முதல் சில நாள்களில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வாசலில் பதிவாவது அறிகுறிதான், இரத்தப் பரிசோதனை முடிவு அல்ல.

குளிர்நாடுகளைப் போல ஒரே பருவத்தை எதிர்பார்க்காதீர்கள். இங்கே சளிக்காய்ச்சல் வழக்கமாக ஆண்டின் நடுவில் ஒருமுறை, ஆண்டிறுதியில் ஒருமுறை கூடும். லேசாக நோய்வாய்ப்பட்டவர்கள் பெரும்பாலும் கிளினிக்குக்குத்தான் போவார்கள். அதனால் வாராவாரம் வெளியாகும் பலதுறை மருந்தக வருகை எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அப்புறம், வயது. மொத்த எண்ணிக்கை அசையாதபோதே முதியவர்களின் வருகை மட்டும் ஏறலாம். அதைக் கண்டால் தாத்தா பாட்டிக்குச் சளிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டாயிற்றா என்று உடனே கேளுங்கள். போட்ட பிறகு பாதுகாப்பு உருவாக இரண்டு வாரம் ஆகும்.